மலைப்பாதை அடைபட்டு விமானம் போய்விட்டதா? வெளிநாட்டு மேற்படிப்பில் தாமதமாகச் சேர ஒரு முழு வழிகாட்டி

ஆகஸ்ட் 14, இரவு ஒன்றரை மணி. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில், குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் மேலே எங்கள் வண்டி நின்றுவிட்டது. முன்னால் ஒரு சில்வர் ஓக் மரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. வேரோடு சேர்ந்து வந்த செம்மண் பாதி ரோட்டை மூடியிருந்தது. வண்டிக்கு மேலே 23 கிலோ பெட்டிகள் இரண்டு, தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தோம். காலை 6:05க்குக் கோவையில் விமானம். அங்கிருந்து மும்பை, அப்புறம் அமெரிக்கா.

டிரைவர் அண்ணன் இறங்கிப் போய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தார். "தங்கச்சி, இது விடியறதுக்குள்ள ஆகாது" என்றார். நான் கேட்கவில்லை. ஜே.சி.பி. வந்துகொண்டிருக்கிறது என்று பின்னால் நின்ற லாரிக்காரர் சொன்னதை நம்பி ஒன்றரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். மூன்று மணிக்குத்தான் வண்டியைத் திருப்பினோம். கோத்தகிரிக்கு ஏறி, கட்டபெட்டு வழியாகக் குன்னூர் போய், பர்லியார் இறங்கிப் பீளமேடு விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 5:50. கவுன்ட்டர் எப்போதோ மூடிவிட்டார்கள். ஒன்றரை மணிக்கே திருப்பியிருந்தால் 4:30க்குள் அங்கே நின்றிருப்போம்.

விமானம் போனது அந்த ஒன்றரை மணி நேரத்தில். ஆனால் பல்கலைக்கழகத்தில் என் சீட்டே போக இருந்தது அதற்குப் பிறகுதான். அன்று முழுக்க நான் சொந்தக்காரர்களிடம் போனில் அழுதுகொண்டிருந்தேனே தவிர, பல்கலைக்கழகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. விமானம் தவறியதற்காக எந்தப் பல்கலைக்கழகமும் மாணவரை வெளியே தள்ளுவதில்லை. தகவல் சொல்லாமல் தேதி கடந்தால்தான் சிக்கல். ஒன்பது நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். யாரை, எந்த வரிசையில் கூப்பிட வேண்டும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சாலையில் நிற்கும்போதே

அடைப்பைப் பார்த்ததும் உங்களுக்கு நீங்களே பதினைந்து நிமிடம் கெடு வையுங்கள். அதற்குள் மரம் அறுக்கும் ஆட்களோ ஜே.சி.பி.யோ கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் வண்டியைத் திருப்புங்கள். "வந்துட்டு இருக்காங்க" என்பது மலைப்பாதையில் நேரக் கணக்கே அல்ல. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. எந்தச் சாலை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று அங்கே கேட்கலாம். அதைவிட வேகமாகச் சேதி தெரிவது டாக்சி ஸ்டாண்டு டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில். நம் டிரைவரையே கேட்கச் சொல்லுங்கள்.

நீலகிரியிலிருந்து கோவைப் பக்கம் இறங்க வழக்கமாக இரண்டு வழி: குன்னூர்–பர்லியார், கோத்தகிரி–குஞ்சப்பனை. இரண்டும் மேட்டுப்பாளையத்தில் சேரும். ஒன்று அடைபட்டால் வண்டிகள் எல்லாம் இன்னொன்றுக்குத் திருப்பி விடப்படும், அதனால் அங்கேயும் நெரிசல். மூன்றாவதாக மஞ்சூர்–கெத்தை–வெள்ளியங்காடு–காரமடை வழி இருக்கிறது. குறுகல் சாலை, யானை நடமாட்டம். பகலில் வேறு வழியே இல்லையென்றால் யோசிக்கலாம், ராத்திரியில் நினைக்கக்கூட வேண்டாம். கூடலூர் வழியாக மைசூரு, பெங்களூரு போகலாம் என்று யாராவது சொன்னால் கடிகாரத்தைப் பாருங்கள். பந்திப்பூர் காட்டுச்சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை. நாடுகாணி, நிலம்பூர் வழியாகக் கோழிக்கோடு விமான நிலையத்துக்கும் இறங்கலாம். ஆனால் தென்மேற்குப் பருவமழை நேரத்தில் அந்த மலைச்சாலையும் நம் சாலை மாதிரியேதான்.

இன்னொரு வழி, நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் தெரிந்தது: வண்டி மாற்றுவது. மரம் விழுந்ததென்றால் அந்தப் பக்கமும் யாராவது மேலே வர முடியாமல் நின்றுகொண்டிருப்பார்கள். ஆட்களும் பெட்டிகளும் மரத்தைத் தாண்டி நடந்து அந்த வண்டியில் ஏறிக்கொள்ள, அவர்கள் நம் வண்டியில் ஏறி மேலே போவார்கள். மரம் மட்டும் கிடந்தால் இதைச் செய்யலாம். மண் சரிந்திருந்தால் கூடாது. ஒரு முறை சரிந்த மண் மறுபடி சரியும். 2009 நவம்பரில் நம் மாவட்டத்தில் மண்சரிவில் 40 பேருக்கு மேல் உயிரிழந்ததைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

இதற்கிடையில் சிக்னல் கிடைக்கும் வளைவு வந்தால் முதலில் செய்ய வேண்டியது கீழே இருக்கிறது.

முதல் போன் விமான நிறுவனத்துக்கு

அப்பாவுக்கு இல்லை, மாமாவுக்கு இல்லை, ஏஜென்ட்டுக்கும் இல்லை. விமானம் புறப்படுவதற்கு முன்னால் விமான நிறுவனத்தின் கஸ்டமர் கேர் எண்ணுக்கு. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பயணத்தின் முதல் விமானத்தில் நீங்கள் ஏறவில்லை என்றால் கணினியில் 'நோ ஷோ' என்று பதிவாகும், அந்த டிக்கெட்டில் மிச்சமிருக்கும் எல்லா விமானங்களும் தானாகவே ரத்தாகும். கோவை–மும்பை போனால் போகட்டும், மும்பையில் போய் ஏறிக்கொள்ளலாம் என்று டாக்சி பிடிக்க நினைக்காதீர்கள். மும்பையில் உங்கள் பெயரே இருக்காது. நான் காலை 11 மணிக்குக் கூப்பிட்டேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

புறப்படுவதற்கு முன்பே பேசினால் தேதி மாற்றிக்கொள்ளலாமா, மாற்றக் கட்டணம் எவ்வளவு, கட்டண வித்தியாசம் எவ்வளவு என்று மூன்று கேள்விதான். போன் கிடைக்காவிட்டால் செயலியிலோ வலைத்தளத்திலோ நீங்களே தேதியை மாற்றிவிடுங்கள். ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட் என்றால் சில நிறுவனங்கள் 'அவரிடமே போங்கள்' என்று சொல்லிவிடும். அதனால் ஏஜென்ட்டின் கடை நம்பரோடு, இரவில் எடுக்கும் நம்பரையும் டிக்கெட் வாங்கும் அன்றே கேட்டு வைக்க வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ளுங்கள். கோவையிலிருந்து கடைசி ஊர் வரை ஒரே பிஎன்ஆர் என்றால், முதல் விமானம் அவர்களால் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் ஏற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. கோவை–மும்பை தனி, மும்பை–அமெரிக்கா தனி என்று மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கியிருந்தால், இடையில் எது நடந்தாலும் நஷ்டம் நம் தலையில். நான்காயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் எண்பதாயிரத்தைத் தொலைக்கும் இடம் இது. சாலை அடைபட்டு நாமே விமான நிலையத்துக்குப் போகவில்லை என்றால் அது எந்த பிஎன்ஆரிலும் விமான நிறுவனத்தின் தவறு ஆகாது. எனவே கேட்கும்போது சண்டை போடாதீர்கள், தன்மையாகக் கேளுங்கள். மாற்றித் தர முடியாத டிக்கெட்டாக இருந்தாலும், பயணம் செய்யாத டிக்கெட்டில் உள்ள வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்று இந்திய விதி இருக்கிறது. அதைத் தனியாக விண்ணப்பித்துக் கேட்க வேண்டும். தானாக வராது.

அன்றே ஒரு மெயில்

இரண்டாவது வேலை பல்கலைக்கழகம். யாருக்கு எழுதுவது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். சேர்க்கைக் கடிதம் அனுப்பிய அட்மிஷன் அலுவலகத்துக்கு எழுதிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அவர்கள் வேலை சேர்க்கையோடு முடிந்துவிட்டது. இப்போது எழுத வேண்டியது வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு. அமெரிக்கா என்றால் மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தந்த ஐ-20 படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கும் அதிகாரி, டிஎஸ்ஓ என்பார்கள், அவருக்கு. நகலில் துறையின் மேற்படிப்பு ஒருங்கிணைப்பாளர். உதவித்தொகையோடு கற்பித்தல் உதவியாளர் வேலை கிடைத்திருந்தால் அந்தப் பேராசிரியர். விடுதியிலோ வாடகை வீட்டிலோ சாவி வாங்க வேண்டியிருந்தால் அவர்களுக்குத் தனி மெயில்.

மழையைப் பற்றி, அழுத கதையைப் பற்றி எழுத வேண்டாம். நான் இரண்டாவது முறை எழுதியது இவ்வளவுதான்: முழுப்பெயர், மாணவர் எண், செவிஸ் எண் (ஐ-20யில் இருக்கும், அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவுக் கணினியில் உங்கள் எண்), மண்சரிவால் சாலை மூடப்பட்டு இன்ன தேதி விமானத்தைத் தவறவிட்டேன், கிடைக்கக்கூடிய அடுத்த விமானம் இன்ன தேதி, நான் வந்து சேரக் கடைசித் தேதி எது, அதற்குத் தாமத வருகைக் கடிதமோ புதிய ஐ-20யோ தர முடியுமா. நான்கே வரி. கூடவே பழைய டிக்கெட், சாலையில் எடுத்த படம். முதல் மெயில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதற்குப் பதிலே வரவில்லை. நான்கு வரிக்கு மறுநாள் வந்தது.

அவர்கள் அலுவலகம் திறக்கும் நேரத்துக்கு மெயில் மேலே நிற்க வேண்டும். கோடைக்காலக் கணக்கில் அங்கே காலை 9 மணி என்றால் நமக்கு: ஜெர்மனி பகல் 12:30, பிரிட்டன் 1:30, அமெரிக்கக் கிழக்குக் கரை மாலை 6:30, சிகாகோ பக்கம் 7:30. அந்த நேரத்தில் போனும் செய்யலாம். ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை. பேசப்போவதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசியுங்கள், நானும் அப்படித்தான் செய்தேன். மழை நாளில் மேலே கரண்ட் போகும், கூடவே நெட்டும் போகும். கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் அந்த இரண்டு நாள் அங்கேயே தங்கிவிடுவது நல்லது. வீட்டுக்குத் திரும்பி ஏறினால் வேறொன்றும் இருக்கிறது. மாலை போட்டு அனுப்பிய பக்கத்து வீட்டு அத்தை வாசலில் நின்று, "போன மாதிரியே வந்துட்டியே கண்ணு" என்பார். அவர் சொல்வது பாசத்தில்தான். ஆனால் அன்று அதைத் தாங்க முடியாது.

உங்கள் காகிதங்களில் உள்ள தேதிகள்

வகுப்பு தொடங்கும் தேதியை வைத்து எல்லோரும் பதறுகிறார்கள். சட்டப்படி உங்களைக் கட்டுப்படுத்தும் தேதி வேறொன்று. அது நாட்டுக்கு நாடு மாறும்.

அமெரிக்காவில் அது ஐ-20யில் உள்ள படிப்புத் தொடக்கத் தேதி. அதற்கு 30 நாள் முன்பிருந்துதான் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் உள்ளே விடுவார்கள். பின்னால் போவதாக இருந்தால் பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். இரண்டு விதமாகத் தருவார்கள். சில நாள் தாமதம் என்றால் கடிதம் மட்டும். கூடுதல் என்றால் டிஎஸ்ஓ செவிஸ் கணினியில் தொடக்கத் தேதியையே மாற்றிப் புதிய ஐ-20 அனுப்புவார். இப்போது மெயிலிலேயே வருகிறது. அச்சடித்து, பேனாவால் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம். செவிஸ் எண் மாறாமல் இருந்தால் பாஸ்போர்ட்டில் உள்ள விசா, அது காலாவதி ஆகாதவரை, செல்லும். 350 டாலர் செவிஸ் கட்டணத்தையும் மறுபடி கட்ட வேண்டாம். புதிய ஐ-20 வந்ததும் முதலில் அந்த எண்ணைத்தான் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண் மாறியிருந்தால் உடனே டிஎஸ்ஓவிடம் கேளுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு, தொடக்கத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பல்கலைக்கழகம் உங்களைச் செவிஸில் பதிவு செய்தாக வேண்டும். அது நடக்காவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

பிரிட்டனில், விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் காஸ் (CAS) என்ற சேர்க்கை உறுதி ஆவணத்தில் படிப்புத் தொடங்கும் தேதியோடு, சேர்வதற்கான கடைசித் தேதியும் குறித்திருக்கும். அந்தக் கடைசித் தேதிதான் உங்கள் எல்லை. அதைக் கடந்து சேராத மாணவரைப் பல்கலைக்கழகம் அந்நாட்டு உள்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், விசா போய்விடும். அங்கே இப்போது இ-விசா. அது உங்கள் பாஸ்போர்ட் எண்ணோடு இணைந்திருக்கிறது. பயணக் குளறுபடியில் பாஸ்போர்ட் தொலைந்து புதியது எடுத்திருந்தால், அந்த இணையக் கணக்கில் புதிய எண்ணைச் சேர்க்காமல் விமானம் ஏறப் போகாதீர்கள்.

ஜெர்மனி கொஞ்சம் தாராளம், கொஞ்சம் கறார். பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவம் அக்டோபர் 1 தொடங்கும், வகுப்புகள் பெரும்பாலும் அக்டோபர் நடுவில். முதல் வாரம் வகுப்புக்குப் போகாததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இம்மெட்ரிக்குலேஷன் என்ற பதிவுக்குக் கடைசித் தேதி உண்டு, அனுமதிக் கடிதத்திலேயே எழுதியிருக்கும். அதைத் தவறவிட்டால் இடம் போய்விடும். நல்ல செய்தி என்னவென்றால், பல இடங்களில் பருவக் கட்டணத்தையும் மருத்துவக் காப்பீட்டுத் தகவலையும் ஊரிலிருந்தே அனுப்பிப் பதிவை முடித்துவிடலாம். இதை விமானம் தவறும்வரை தள்ளிப் போடாமல் முன்கூட்டியே முடித்தவருக்குக் கவலையே இல்லை. ஒன்று மட்டும்: ஜெர்மனிக்கு அக்டோபர் பிற்பகுதியில் கிளம்புகிறவர் வடகிழக்குப் பருவமழையில் மாட்டுகிறார். குன்னூர், கோத்தகிரி பக்கம் மண்சரிவு அதிகம் நடப்பதே அப்போதுதான்.

தாமதமாகப் போவதா, அடுத்த பருவத்துக்குத் தள்ளுவதா

பல்கலைக்கழகம் ஒரு கடைசித் தேதி சொல்லும். அதற்குள் போக முடியுமென்றால் போய்விடுங்கள் என்பதே என் கருத்து. தள்ளிப் போடுவது பாதுகாப்பானது போலத் தெரியும். ஆனால் தள்ளிப் போனால் சேர்க்கை மட்டும்தான் கூட வரும், பணம் பல நேரம் வராது. கற்பித்தல் உதவியாளர் வேலையை அந்தப் பருவத்துக்கு வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். உதவித்தொகை அந்த ஆண்டுக்கு மட்டும் என்று இருக்கும். ஆகவே தள்ளிப் போடக் கேட்கும்போது மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்: சேர்க்கை தொடருமா, உதவித்தொகை தொடருமா, வேலை தொடருமா. எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் "பிரச்சினை இருக்காது" என்று சொன்னதை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள்.

உடல்நிலை, வீட்டில் ஒரு சாவு, பாஸ்போர்ட் தொலைந்து விசாவும் அதோடு போனது, இப்படி இரண்டு வாரத்தில் தீராத காரணமென்றால் தள்ளிப் போடுவதுதான் சரி. அப்போது வங்கிக்கும் அதே வாரத்தில் சொல்லிவிட வேண்டும். கல்விக்கடன் அனுமதிக் கடிதத்துக்கு ஆயுள் உண்டு, பணம் ஏற்கெனவே அனுப்பப்பட்டிருந்தால் அது அடுத்த பருவக் கணக்கில் வைக்கப்படுமா என்று பல்கலைக்கழகத்தின் கணக்குப் பிரிவில் கேட்க வேண்டும். தேர்வு மதிப்பெண்களையும் பாருங்கள். ஐஈஎல்டிஎஸ், டோஃபல் ஆங்கிலத் தேர்வுகள் இரண்டாண்டு, மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்ஈ ஐந்தாண்டு செல்லும். பிரிட்டன் விசாவுக்கு எடுத்த காசநோய்ச் சான்றிதழ் ஆறு மாதம்தான்.

இரண்டாவது முறை இறங்கும்போது

முதல் நாளே கீழே இறங்கிவிடுங்கள். இதில் பேரம் வேண்டாம். ஊட்டியிலிருந்து கோவை 90 கிலோமீட்டருக்கும் குறைவு, மூன்று மணி நேரப் பயணம் என்பதெல்லாம் வெயில் நாள் கணக்கு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மாதத்தில்தான் அமெரிக்கா போகிறவர்கள் எல்லோரும் பெட்டி கட்டுகிறார்கள். பகலில் இறங்கி மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ ஓர் இரவு தங்க ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகும். என் இரண்டாவது டிக்கெட் முதல் டிக்கெட்டைப்போல ஒன்றரை மடங்கு ஆனது. மலை ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள். பாதையில் ஒரு பாறை உருண்டாலே அன்றைய ரயில் ரத்து. கோவையிலிருந்து டாக்சியை மேலே வரச் சொன்னால் அந்த வண்டிக்கு இ-பாஸ் எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 2024 மே மாதம் முதல் வெளியூர் வண்டிகளுக்கு அது வேண்டும். உள்ளூர் டிஎன் 43 வண்டி என்றால் அந்தத் தொல்லை இல்லை, மழையில் எந்த வளைவில் எப்படி இறங்குவது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

அவசரத்தில் வாங்கும் டிக்கெட்டில் இன்னொரு பொறி இருக்கிறது. முதல் டிக்கெட் தோஹா வழியாக இருந்திருக்கும், புதியது லண்டன் வழியாகவோ பிராங்க்பர்ட் வழியாகவோ இருக்கும். வளைகுடா விமான நிலையங்களில் உள்ளேயே இருந்து விமானம் மாற இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவைப்படாது. ஐரோப்பாவிலும் லண்டனிலும் விமானம் மாற மட்டுமே விசா கேட்கக்கூடும், நீங்கள் போகும் நாட்டின் விசாவைப் பொறுத்து விலக்கும் உண்டு. செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோடு அமெரிக்கா போகிறவருக்கு லண்டனில் விமான நிலையத்துக்குள்ளேயே மாறிப் போக விசா வேண்டாம். டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் உங்கள் வழியில் உள்ள நாட்டின் தூதரகப் பக்கத்தில் இதைப் பார்த்துவிடுங்கள். இரண்டு தனி டிக்கெட்டாக வாங்கி, நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டிவந்தால் அந்த நாட்டுக்குள்ளேயே நுழைய வேண்டும். அது வேறு விசா.

கைப்பையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், புதிய ஐ-20யும் பழையதும், தாமதக் கடிதம், சேர்க்கைக் கடிதம், பணம் காட்டும் காகிதங்கள், அசல் மதிப்பெண் பட்டியல், தடுப்பூசிச் சான்று, இரண்டு நாளுக்கு உடை, மருந்து. எல்லாவற்றுக்கும் மூன்று செட் ஜெராக்ஸ். நான் கோத்தகிரி ஜான்ஸ்டன் சதுக்கத்தில் எடுத்தேன், எண்பது ரூபாய்தான் ஆனது. போனில் இருக்கிறதே என்று விடாதீர்கள். இருபது மணி நேரப் பயணத்தில் போன் சார்ஜ் தீர்வது சரியாக இமிக்ரேஷன் வரிசையில்தான். இந்திய சிம்மை வெளிநாட்டில் இயங்கும்படி ரோமிங் போட்டு வையுங்கள். வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும், அது இல்லாமல் நம் பணத்தை நாமே எடுக்க முடியாது.

தடுப்பூசி என்றதும் ஒன்று. 1907இலிருந்து குன்னூர் பாஸ்டர் ஆய்வகம் ஊருக்கெல்லாம் தடுப்பூசி தயாரித்துக் கொடுத்திருக்கிறது. அந்த மலையிலிருந்து போன என்னிடம் சின்ன வயதில் போட்ட எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) ஊசிக்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை. பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இரண்டு தவணை எம்எம்ஆர் சான்று இல்லாமல் பாடப் பதிவையே நிறுத்தி வைக்கும். தாமதமாகப் போகிறவருக்கு அதனால் இன்னொரு வாரம் போகும். தவணைகளுக்கு நடுவே குறைந்தது நான்கு வாரம் இடைவெளி வேண்டும் என்பதால் இதை மட்டும் கடைசி நேரத்தில் சரிசெய்ய முடியாது. விமானம் தவறிய நேரத்தைச் சான்றுக்குப் பயன்படுத்தி, அரசு மருத்துவமனையில் மருத்துவர் கையெழுத்தோடு படிவத்தை வாங்கிவிடலாம்.

பெட்டியைப் பற்றி ரொம்பச் சொல்வதற்கில்லை. தேயிலைத்தூள், வர்க்கி கொண்டு போகலாம், சுங்கத்தில் உணவு இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். விதை, செடி, பழம், கருவாடு வேண்டாம். ஸ்வெட்டர் நம்மிடம் இருப்பது நல்லதுதான். ஆனால் ஊட்டிக் குளிர் வீட்டுக்குள்ளும் இருக்கும், அங்கே வீட்டுக்குள் ஹீட்டர். கனமான ஒன்றைவிட மெல்லியது மூன்று மேல்.

இமிக்ரேஷன் மேஜை

"படிப்பு 19ஆம் தேதியே தொடங்கிவிட்டதே?" என்று அதிகாரி கேட்டார். அவர் கேட்டது அது ஒன்றுதான். கடிதத்தை நீட்டினேன். படித்தார், முத்திரை குத்தினார். முழுதாக இரண்டு நிமிடம் ஆகவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மண்சரிவு, டிரைவர், அத்தை எல்லாம் அங்கே வேண்டாம். நாட்டுக்குள் போனதும் அன்றிரவே ஐ-94 என்ற அமெரிக்க நுழைவுப் பதிவை இணையத்தில் எடுத்து, எஃப்-1 என்று சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தவறு இருந்தால் உடனே டிஎஸ்ஓவிடம் சொல்ல வேண்டும். நாளாக ஆகச் சரிசெய்வது கஷ்டம்.

பெட்டி வரவில்லையா? விமான நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். பெட்டிகள் பிரிவில் பிஐஆர் என்ற பெட்டிப் புகார் அறிக்கை எழுதி எண் வாங்குங்கள். தாமதமாக வரும் பெட்டிக்கு இழப்பீடு கேட்க, பெட்டி கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாள், சேதமென்றால் 7 நாள். இடைப்பட்ட நாள்களில் வாங்கிய பல் பிரஷ், சட்டைக்கெல்லாம் ரசீது எடுத்து வையுங்கள்.

தாமதமாகப் போய்ச் சேர்ந்த முதல் பத்து நாள்

தூக்கத்தை விட்டுவிட்டு ஓட வேண்டாம். ஆனால் மறுநாள் காலை வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போயே ஆக வேண்டும். செவிஸ் பதிவு அங்கேதான். அங்கிருந்து துறை அலுவலகம். பாடங்களைச் சேர்க்க, விடக் கடைசித் தேதி எது என்று கேளுங்கள். அது பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வாரத்தில் முடியும். மூன்று பாடம் எடுத்து மூன்றிலும் பின்தங்கியிருக்கிறேன், ஒன்றை விட்டுவிடுகிறேன் என்று தோன்றும். எஃப்-1 மாணவர் முழுநேரப் படிப்புக்கு உரிய கிரெடிட்டுகளுக்கு (பாட அலகுகளுக்கு) கீழே இறங்கக் கூடாது. மேற்படிப்பில் பல இடங்களில் அது 9. டிஎஸ்ஓ அனுமதி இல்லாமல் எதையும் விடாதீர்கள். கடினமானதை விட்டு எளிதான ஒன்றைப் பதிலுக்கு எடுக்கலாம். நான் அதைத்தான் செய்தேன். இன்றுவரை வருத்தம் இல்லை.

பேராசிரியர்களிடம் தனித்தனியாக அலுவலக நேரத்தில் போய் நில்லுங்கள். "சார், மன்னிக்கணும்" என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் விளக்கம் சொல்வது நம் பழக்கம். அங்கே அவர்கள் எதிர்பார்ப்பது வேறு. "முதல் இரண்டு வகுப்பு போய்விட்டது. பாடத்திட்டத்தைப் படித்துவிட்டேன். முதல் வீட்டுப்பாடத்தை வெள்ளிக்கிழமை தரலாமா?" போதும். படித்துவிட்டுப் போய்க் கேட்பவருக்குப் பெரும்பாலும் அவகாசம் கிடைக்கும். என்ன செய்யட்டும் என்று கேட்பவருக்குப் பாடத்திட்டத்தைப் பார் என்றுதான் பதில். ஆய்வகத்தில் வேலை என்றால் பாதுகாப்புப் பயிற்சியை முடிக்காமல் கதவு திறக்காது, அதன் அடுத்த தேதியை முதல் நாளே பிடியுங்கள். மருத்துவக் காப்பீட்டில் சேரவும், கட்டணம் கட்டவும் தனித்தனிக் கடைசித் தேதிகள் உண்டு. அறிமுக நாளில் இதையெல்லாம் சொல்லியிருப்பார்கள், நீங்கள்தான் அங்கே இல்லை. அதன் பதிவோ தாள்களோ இருந்தால் கேட்டு வாங்குங்கள். உதவியாளர் வேலை இருந்தால் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வந்து பத்து நாள் கழித்துப் போவது நல்லது, அதற்கு முன் போனால் கணினியில் உங்கள் பதிவு ஏறியிருக்காது.

முதல் வாரமே நண்பர்கள் குழு குழுவாகச் சேர்ந்திருப்பார்கள். நமக்கு இடமில்லாதது போலத் தோன்றும். குறிப்பு வாங்கப் போகும் சாக்கில் நாலு பேர் பழக்கமாகிவிடுவார்கள். வர்க்கிப் பொட்டலம் பயணத்தில் நொறுங்கிப் பொடியாகத்தான் போயிருந்தது. அதையும் டீயோடு காலி செய்தார்கள்.

பணம் திரும்ப வருமா

மாணவர் பயணக் காப்பீடு எடுத்திருந்தால் பாலிசியைப் படியுங்கள். சிலவற்றில் இயற்கைச் சீற்றத்தால் விமானம் தவறியதற்கு ஒரு வரம்புவரை தருகிறார்கள், சிலவற்றில் பொது வாகனத்தில் வந்திருந்தால் மட்டும். எதுவாக இருந்தாலும் சாலை மூடியிருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். மறுநாள் செய்தித்தாளில் நம் சாலையைப் பற்றி வந்திருந்தால் அந்தப் பக்கத்தை வெட்டி வையுங்கள். பழைய டிக்கெட், புதிய டிக்கெட், பணம் கட்டிய ரசீது, விமான நிறுவனத்திடம் வாங்கிய 'பயணம் செய்யவில்லை' என்ற கடிதம், எல்லாம் ஒரே உறையில். விண்ணப்பிக்கக் கெடு நாள் உண்டு. புது ஊரில் வேலை மும்முரத்தில் அது கடந்துவிடும், அதனால் அப்பாவிடமோ தம்பியிடமோ ஒரு செட் விட்டுவிட்டுப் போங்கள்.

என் உறையில் செய்தித்தாள் துண்டு இல்லை. இருந்தது ஒரே ஒரு படம். வண்டி ஹெட்லைட் வெளிச்சத்தில் செம்மண்ணோடு குறுக்கே கிடக்கும் சில்வர் ஓக், ஓரத்தில் பாதி நனைந்த பிளாஸ்டிக் குல்லாவோடு லாரிக்காரர், மூலையில் நேரம் 1:52. நான் அழுதுகொண்டிருந்தபோது டிரைவர் அண்ணன் தன் போனில் எடுத்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அனுப்பியிருந்தார். காப்பீட்டுக்காரர்கள் அதைத்தான் ஏற்றுக்கொண்டார்கள்.